முரசு கேட்டுத் தோற்றவர்

வெகு காலத்துக்கு முன்னே, வெள்ளாறை நாட்டைக் குணசிங்கன் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். கிரீடம் அவன் தலையில் இருந்தாலும், ஆற்றுத் தண்ணீரைப் பங்கிடும் பொறுப்பு நாட்டுத் தலைவரிடம்தான் இருந்தது. அந்தத் தலைவரை ஜனங்களே குடத்தில் ஓலை போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள்.

அந்த முறை மேற்கரையிலிருந்து நாகப்பக் கிழாரும் கிழக்கரையிலிருந்து ஆத்தியப்பரும் நின்றார்கள். இரண்டு கரையிலும் மதகுகள் உடைந்து கிடந்தன. ஜெயிக்கிறவர் தன் கரை மதகைத்தான் முதலில் கட்டுவார், மற்றக் கரை காயும் என்று எல்லாரும் பயந்தார்கள்.

அரசவையில் வேறு பேச்சே இல்லை. "நாகப்பர் வீடு வீடாகப் போகணும்" என்பார் ஒருவர். "போனால் தோல்விக்குப் பயந்துவிட்டார் என்பார்களே, போகாமலிருப்பதே தந்திரம்" என்பார் இன்னொருவர். "ஆத்தியப்பர் பந்தி போட்டால் ஜெயிப்பார்." "சாப்பிட்டுவிட்டு மாற்றிப் போடுவார்கள் ஐயா!" இப்படியே பொழுது விடியும், பொழுது சாயும். எந்த வழக்கும் தீரவில்லை. மந்திரி அம்பலத்தரையருக்குத் தலைவலி நெற்றியை விட்டு இறங்கவேயில்லை. மகாராணியோ சத்தம் தாங்காமல் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

ராஜாவுக்கும் சலித்துப்போயிற்று. "போதும்! யார் ஜெயிப்பார் என்று ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்றான்.

சபையில் இருந்த வித்தகராயர் என்பவர் முந்திக்கொண்டு எழுந்தார். மந்திரி பதவிமேல் அவருக்கு நெடுநாளாகக் கண். "நாகப்பர்தான் மகாராஜா! மேற்கரையில் ஜனம் அதிகம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?"

"அமைச்சரே, நீர்?"

அம்பலத்தரையர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். "மேற்கரையில் ஜனம் அதிகம். கிழக்கரையில் ரோஷம் அதிகம். தராசு நடுவில் நிற்கிறது, மகாராஜா."

"பார்த்தீர்களா! இந்தப் பதிலுக்கு ஒரு மந்திரி வேண்டுமா?" என்று சிரித்தார் வித்தகராயர்.

ராஜாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உமது கணிப்பு பொய்த்தால் உமது பதவி வித்தகராயருக்கு. சொல்லும்!"

மந்திரி பெருமூச்சு விட்டார். "அப்படியானால் சொல்கிறேன். வித்தகராயர் தம் கணிப்பை நாடு முழுக்க முரசறைந்து சொன்னால் ஆத்தியப்பர் ஜெயிப்பார். சொல்லாமல் சும்மா இருந்தால் நாகப்பர் ஜெயிப்பார்."

"என் வாயை அடைக்கப் பார்க்கிறார், மகாராஜா!" என்று குதித்தார் வித்தகராயர். "நாளைக்கே முரசறைகிறேன். மூலை முடுக்கெல்லாம் கேட்கட்டும்!"

"உம் இஷ்டம்" என்றார் மந்திரி. வாக்குவாதம் செய்ய அவருக்குத் தெம்பில்லை.

முரசு முழங்கியது. 'நாகப்பருக்கே வெற்றி! அரசவையில் கணித்தாயிற்று!' என்ற சேதி இரு கரைக்கும் போய்ச் சேர்ந்தது.

ஓலை போடும் நாள் வந்தது. மேற்கரையில் அறுவடை நேரம். "அதுதான் ஜெயித்தாயிற்றே, கதிர் உதிர்வதற்குள் வேலையை முடிப்போம்" என்று பாதிப் பேர் வயலில் இறங்கினார்கள். கிழக்கரையிலோ, "குடத்தைத் திறக்கும் முன்னாலேயே நம்மைத் தோற்கடித்துவிட்டார்களாமே!" என்று கொதித்துப்போய், நடக்கமுடியாதவர்களைக்கூடத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

குடத்தைக் கவிழ்த்து எண்ணினார்கள். ஒரு கைப்பிடி ஓலை வித்தியாசத்தில் ஆத்தியப்பர் ஜெயித்தார்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். "வித்தகராயரே, இனிமேல் சபையில் நான் கேட்டால் மட்டும் நீர் பேசலாம். நான் உம்மை எதுவும் கேட்கப்போவதில்லை!"

பிறகு மந்திரியைப் பார்த்தான். "என்ன வேண்டும்? கேளும்."

"இரண்டு கரை மதகையும் அரண்மனைச் செலவில் ஒரே சமயத்தில் கட்டித் தாருங்கள். ஓலை குறைந்ததற்காக ஒரு கரை காயவேண்டாம்."

"ஆகட்டும்" என்றான் ராஜா. அரசவை ஆரவாரித்தது.

வீடு திரும்பும் வழியில், மேற்கரைப் படித்துறையில் நாகப்பர் தனியாக உட்கார்ந்திருந்தார். மந்திரி பல்லக்கை நிறுத்தி இறங்கினார்.

"மதகு கட்ட உத்தரவாகிவிட்டது, கிழாரே."

"கேள்விப்பட்டேன். ஜனங்களுக்கு அது போதும்." நாகப்பர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஜனங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை ஐயா. எங்கள் கரையில் கோடியூர் ஒன்றுக்குத்தான் நான் ஓலை கேட்டுப் போகவில்லை. வண்டி பாதி வழி போயிருந்தது. முரசுச் சத்தம் கேட்டதும், இனி எதற்கு என்று நானே மாட்டைத் திருப்பிவிட்டேன்."

அந்த முரசை அடிக்கவைத்தவர் தாம்தான் என்பது மந்திரிக்குத் தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு, நாகப்பர் பக்கத்தில் அதே படியில் உட்கார்ந்துகொண்டார்.