மண் தட்டில் முதல் வெடிப்பு

"எங்க போனாலும் உக்காருன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கிறாங்க மேடம்," என்றான் சேர்மராஜ்.

நின்றுகொண்டேதான் சொன்னான். பேராசிரியர் ரஹ்மத் நிஷாவும் உட்காரச் சொல்லவில்லை. அந்த மண் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஒரே ஸ்டூலில் ஈர மண் தட்டுகள் அடுக்கியிருந்தன. அவருக்கு அவனைவிட ஒன்றிரண்டு வயது குறைவாகத்தான் இருக்கும்.

"ஃபெல்லோஷிப் வாங்கிட்டேன் மேடம். இந்த மாசக் கடைசிக்குள்ள யாராவது ஒரு கைடு பிஎச்.டி.க்குச் சேத்துக்கிட்டாத்தான் அது செல்லும். இல்லன்னா போச்சு."

"என்ன செய்யணும்னு இருக்கீங்க?"

"எதுனாலும் செய்வேன். சிமெண்டு, பேட்டரி, தண்ணி சுத்திகரிப்பு. நீங்க எந்தத் தலைப்பு குடுத்தாலும் சரி."

"வீடு வீடாப் போயி, எந்தப் பொண்ணுன்னாலும் சரிங்கிற மாப்பிள்ளைக்கு எவன் குடுப்பான்?"

அவர் சிரிக்கவில்லை. அவனுக்கும் சிரிப்பு வரவில்லை.

"எந்த ஊரு?"

"விளாத்திகுளம் பக்கம்."

"அப்ப இந்த மண்ணுதான்."

ஒரு தட்டை எடுத்தார். கரிசல் சேற்றை உள்ளங்கையால் தடவிச் சமன் செய்து, சூட்டு விளக்கின் அடியில் தள்ளினார்.

"எனக்கு வகுப்பு இருக்கு. முதல் வெடிப்பு எங்க விழுதுன்னு பாத்துச் சொல்லுங்க."

"அப்ப என் விஷயம்?"

அவர் வாசலைத் தாண்டிவிட்டார்.

அவனுக்குக் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஜன்னல் வரை போனான், வந்தான். போனை எடுத்து இன்னும் இரண்டு பேராசிரியர்களுக்கு எழுதினான். அதே கடிதம், பெயர் மட்டும் வேறு.

போன் அதிர்ந்தது. படித்துவிட்டு நிமிர்ந்தால், தட்டில் மண் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பிளந்து கிடக்கிறது.

"எங்க விழுந்துச்சு?" வகுப்பு முடித்து வந்தவர் கேட்டார்.

"பாக்கல மேடம். மெயில் வந்துச்சு."

"என்னன்னு?"

"இடமில்லைன்னு."

"அதைப் பாக்கவா இங்க வந்தீங்க?"

அடுத்த தட்டைத் தள்ளிவிட்டுச் சாப்பிடப் போனார்.

மண்ணு காயிறதப் பாக்கவா எம்.டெக். படிச்சேன்? வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு பையைத் தோளில் மாட்டினான். வாசல் வரை போய்விட்டான். போகிற போக்கில் திரும்பிப் பார்த்தான்.

ஓரத்தில் ஒரு மயிரிழை.

நடுவில்தான் விழும் என்று நினைத்திருந்தான்.

திரும்பி வந்து குனிந்தான். பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் இதே வெடிப்புகளைத் தாண்டிக் குதித்தவன். ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

இழை நீண்டது. எதிர்ப்பக்கம் இன்னொன்று கிளம்பி நேராக வந்தது. முதல் வெடிப்பை நெருங்கியதும், யாரோ கூப்பிட்டாற்போல வளைந்து, அதன் மேல் செங்குத்தாகப் போய் முட்டியது. மூன்றாவதும் அப்படியே.

பை தோளிலிருந்து நழுவியது. சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அதிர்ந்து அதிர்ந்து அடங்கியது.

"சேர்மராஜ், கூடத்தைப் பூட்டணும். கெளம்புங்க." வெயில் இறங்கிய நேரத்தில் வாசலிலிருந்து பேராசிரியரின் குரல் கேட்டது.

"கொஞ்சம் இருங்க மேடம்." அவன் திரும்பவில்லை. "நேராத்தான வந்துச்சு? அதுகிட்ட வந்ததும் ஏன் வளையுது? எங்கன வளையணும்னு அதுக்கு எப்படித் தெரியுது?"

பின்னால் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கும் சத்தம் கேட்டது. பிறகு அந்த ஒரே ஸ்டூல் தரையில் உரசிக்கொண்டு வந்து அவன் முழங்காலைத் தொட்டது.

"உக்காருங்க."