மாடத்துச் சூடு

கோத்தகிரிக்கு மேலே, மலைச்சரிவில் ஓர் ஆசிரமம் இருந்தது. அதன் தியான மண்டபம் ஒரு காலத்தில் தேயிலைக் கிடங்கு. கூரை நாலு ஆள் உயரம். நடுவில் ஓர் இரும்பு அடுப்பு எரியும். புகை மட்டும் குழாய் வழியே வெளியே போய்விடும். மரப்படி ஏறினால் கூரையை ஒட்டி ஒரு சிறிய மாடம்.

அந்த மாடத்தில்தான் ஏகாம்பரம் பதினாறு வருஷமாகத் தியானம் செய்துவந்தார். வயது அறுபத்திரண்டு. ஆசிரமத்தை நடத்திய தவமணி அம்மையார் அவரைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் ஏகாம்பரத்துக்கு அவர்தான் குரு.

அந்த ஐப்பசி மழையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பின்மேல் மண் சரிந்தது. தப்பிய குடும்பங்களை அம்மையார் மண்டபத்துக்கு அழைத்து வந்துவிட்டார்.

நாலாம் நாள் காலை, கஞ்சி துழாவிக்கொண்டிருந்த அம்மையாரிடம் ஏகாம்பரம் வந்து நின்றார்.

"அம்மா, பதினாறு வருஷம் உட்கார்ந்து கிடைத்த அமைதி நாலே நாளில் கலைந்துவிட்டது. அப்படியானால் அது அமைதிதானா?"

"எதனால் கலைந்தது?"

"கீழே எல்லோரும் குளிருது, குளிருது என்கிறார்கள். ஆண்கள் மழையில் போய் விறகு வெட்டி வந்து திணித்தபடியே இருக்கிறார்கள். மேலே எனக்கு வேர்க்கிறது. பயந்துபோன உடம்பு, அதனால்தான் நடுங்குகிறது என்று நினைக்கிறேன். ஆறுதல் சொல்லவும் எனக்குத் தெரியவில்லை."

அம்மையார் அகப்பையை வைத்தார்.

"இன்றைக்குக் கீழே உட்காருங்கள்."

ஏகாம்பரம் சுவரோரமாக உட்கார்ந்தார். பக்கத்தில் செல்லக்கனி என்ற பெண், பிறந்து பதினோரு நாளான குழந்தையை முந்தானைக்குள் பொத்தி வைத்திருந்தாள். சிமென்ட் தரை பனிக்கட்டி மாதிரி இருந்தது. அடுப்பு என்னவோ தகதகவென்றுதான் எரிந்தது. ஆனால் அரை மணிக்குள் ஏகாம்பரத்தின் விரல்கள் மரத்துப்போயின.

"அடுப்புப் பக்கம் போய் உட்காரலாமே, தாயி?"

"மாத்தி மாத்தித்தான் உக்கார்றோம் ஐயா. இப்ப வயசானவங்க முறை."

"குழந்தை எப்படி இருக்கிறான்?"

"விடிஞ்சதுலேருந்து பால் குடிக்க மாட்டேங்குறான். காலைத் தொட்டுப் பாருங்க."

தொட்டார். சட்டென்று எழுந்து அம்மையாரிடம் ஓடினார்.

"அம்மா, தாயையும் பிள்ளையையும் மாடத்துக்கு அழைத்துப் போகிறேன்."

"இன்னும் இங்கேயா நிற்கிறீர்கள்? போங்கள்!"

தன் கம்பளியைச் செல்லக்கனிமேல் போர்த்தி, படிப்படியாகத் தாங்கி மேலே கொண்டுபோய், தன் ஆசனத்திலேயே உட்காரவைத்தார். கொஞ்ச நேரத்தில் குழந்தை அழுதது. பிறகு பால் குடிக்கத் தொடங்கியது. செல்லக்கனி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

ஏகாம்பரம் இறங்கி வந்தார். மாடத்தில் ஆறு பேருக்குத்தான் இடம். கீழே நாற்பது பேர்.

"இவர்களுக்கு என்ன செய்வது, அம்மா?"

அம்மையார் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். சுவரோரம் போய் ஒரு சுவிட்சைப் போட்டார். கூரையிலிருந்து தொங்கிய நீண்ட இறக்கை மின்விசிறி முனகியது. கிடங்கு நாளில் தேயிலைக்காக மாட்டியது; அந்த ஊர்க் குளிரில் அதற்குப் பிறகு அதை யாரும் போட்டதே இல்லை.

"ஐயையோ, ஃபேனா!" என்று கத்தினார் ஒரு கிழவர். "இருக்கிற குளிரு பத்தலையா சாமி?"

"கொஞ்சம் பொறுங்கள், தாத்தா."

ஆகக் குறைந்த வேகத்தில் வைத்தார். இறக்கைகளை எண்ணிவிடலாம், அவ்வளவு மெதுவாகச் சுற்றியது. முதலில் தூசிதான் விழுந்தது. ஏகாம்பரத்துக்கே நம்பிக்கை வரவில்லை. இருக்கிற சூட்டையும் அம்மையார் கெடுத்துவிடப்போகிறாரே என்று தவித்தபடி நின்றார்.

கஞ்சி பரிமாறி முடிந்தபோது அந்தக் கிழவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். சுவரோரம் ஒட்டிக் கிடந்தவர்கள் கால் நீட்டினார்கள். விறகுக்குக் கிளம்பியவர்களை, "இருக்கட்டும், நனையாதீங்க" என்று யாரோ தடுத்தார்கள்.

ஏகாம்பரம் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தார்; பழைய சில்லிப்பு இல்லை. படியேறி மாடத்துக்குப் போனார். தாயும் பிள்ளையும் இதமாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அவருக்கு முன்போல வேர்க்கவில்லை.

இறங்கி வந்து அம்மையார் எதிரே நின்றார்.

"ஒரு விறகுகூட அதிகமாக வைக்கவில்லையே, அம்மா. இத்தனை சூடும் நாலு நாளாக எங்கே இருந்தது?"

அம்மையார் அவரைப் பரிவோடு பார்த்தார்.

"உங்களோடு மேலே தியானத்தில் இருந்தது, ஐயா."