நாகலிங்க மரத்தடிக்கு ஒரு கையெழுத்து

"மாடியிலே ஃபேனைச் சுத்த வுட்டுட்டு மாயமாப் போனவனே, உன்னத்தான் கேக்கறேன்! ஒரு கையெழுத்து போடறதுக்கு இவ்ளோ யோசிக்கிறியே, பேனாவுல மைய ஊத்திவெச்சுக் கீறியா, இல்ல உன் ரத்தத்தையா?"

எத்திராஜு போட்ட சத்தத்தில் டீக்கடைக் கூரைமேல் இருந்த காக்கா எழுந்து வேறு தெருவுக்குப் போய்விட்டது. அவன் கத்தியது எதிர்ப்புறம், பூங்கா வாசலை ஒட்டின அலுவலகத்தின் மாடி ஜன்னலைப் பார்த்து. ஜன்னலுக்குள் ஃபேன் சுற்றியது. நாற்காலி முதுகில் ஒரு துண்டு கிடந்தது. நாற்காலியில் ஆள் இல்லை. மீட்டிங்காம். எங்கே மீட்டிங், யாரோடு மீட்டிங் என்பது அந்த ஃபேனுக்குத்தான் வெளிச்சம்.

பூக்காரி கிளியம்மாவின் மகள் மரகதத்துக்கு இன்றைக்குக் கல்யாணம். மரகதம் அந்தப் பூங்காவிலேயே தோட்ட வேலை பார்க்கிறவள். பட்டுப்போகிறதென்று வெட்ட இருந்த நாகலிங்க மரத்தை வெட்ட விடாமல் தண்ணீர் ஊற்றி மறுபடி பூக்க வைத்தவள். தாலி ஏறினால் அந்த மரத்தடியில்தான் ஏறணும், ஒரு போட்டோவும் அங்கேயே எடுக்கணும் என்று பிடித்த பிடியாக நின்றாள். "அனுமதிச் சீட்டு என் பொறுப்பு" என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னவன் எத்திராஜு.

அவன் மீன் மார்க்கெட்டில் கூடை தூக்கி, உதை வாங்கி, பேரம் பழகி மேலே வந்தவன். இப்போது ஊரில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் மண்டபம், மேளம், குதிரை வண்டி எல்லாம் அவன்தான் பேசி முடிப்பான். அவன் வாய்க்குப் படியாத வியாபாரி அந்த வட்டாரத்திலேயே கிடையாது. மாடியில் இருக்கிறவர் வியாபாரி இல்லை என்பதுதான் சிக்கல். இன்றைக்கு வெள்ளிக்கிழமை வேறு. பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். கடைக்குப் பின்னால் நின்ற லோடு வண்டியில் பட்டுச்சேலை கசங்காமல் மரகதம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை கஜேந்திரன். வண்டியும் அவனுடையதுதான்.

பூங்கா வாசல் வாட்ச்மேன் தனபால் ஸ்டூலை விட்டு எழுந்து, சாலையைத் தாண்டி டீ குடிக்க வந்தான்.

"இன்னா எத்திராஜண்ணே, கத்தினா சீட்டு வந்துருமா?"

"காலையில கலர்ப் புகை வுட்டுகினு ஒரு ஜோடி போட்டோ புடிச்சிதே, பெரிய கார்ல வந்து. நீ கூட சல்யூட் அடிச்சியே. அதுங்க சீட்டு எங்கடா?"

"அது மேலேர்ந்து போன்ல வந்திச்சுண்ணே."

"பாத்தியா கிளியம்மா? அவங்களுக்குப் போன். நமக்கு மட்டும் பேப்பர்."

"தம்பி, நேரம் போவுது. உன்னால ஆவுமா, ஆவாதா? அத்த சொல்லு மொதல்ல" என்றாள் கிளியம்மா.

அந்தக் கேள்வி எத்திராஜுவுக்குச் சுருக்கென்று தைத்தது. வலித்தால் அவனுக்கு வாய் நீளும்.

"ஆவுமாவா? நான் கடலுக்கே அனுமதி வாங்கினவன் தெர்தா? கடற்கரையில ஒரு கல்யாணம். பொண்ணும் மாப்ளையும் தண்ணியில நின்னு போட்டோ புடிக்கணும். ஆபீஸ்ல இன்னா சொன்னான்? முட்டி வரைக்கும் இருக்கற தண்ணி எங்களுது, முட்டிக்கு மேல போனா வேற ஆபீஸுன்னுட்டான். அலை இன்னா ஆபீஸ் பாத்தா வருது? ஒருவாட்டி முட்டிக்குக் கீழ, ஒருவாட்டி இடுப்புக்கு மேல. நேரா கடல்கிட்டயே போனேன். 'தா பாரு, முட்டியத் தாண்டாத'ன்னேன். 'தொடை வரைக்கும் வரேனே'ன்னுச்சு. நான் வந்த வழியே நாலு எட்டு திரும்பி நடந்தேன். பின்னாலயே ஓடியாந்து கூப்புட்டுச்சு. கணுக்கால்ல முடிச்சேன் பேரத்த!"

டீ மாஸ்டர் சம்பந்தம் பாலை ஆற்றுவதை நிறுத்தினார். "கடலு உன் பின்னால ஓடியாந்துச்சா?"

"கூப்புடாம போவுமா? மீனு வாங்கறவன் திரும்பி நடந்தா மீன்காரி கூப்புட மாட்டா? அவளுக்குச் சரக்கு குடுக்கறதே அதுதானே!"

தனபால் வாயிலிருந்த டீயைச் சிரிப்போடு துப்பினான். "அண்ணே, இதெல்லாம் ஓவரு."

"ஓவரா? அப்ப சிலை சமாச்சாரத்த சொல்லவே மாட்டேன்."

"சொல்லுண்ணே, சொல்லு." தனபால் பெஞ்சில் உட்கார்ந்தே விட்டான். பூங்கா வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"ரவுண்டானாவுல ஒரு சிலை. அது பக்கத்துல ஒரு ஜோடிக்குப் போட்டோ. ஆபீஸ்ல இன்னா கேட்டான்? படத்துல சிலையும் வுழுது, அதனால சிலைகிட்டேர்ந்து ஆட்சேபணை இல்லைன்னு எழுதி வாங்கியாங்கறான். ஏணி போட்டு ஏறினேன். சிலை காதுல சொன்னேன். அது இன்னா சொல்லிச்சு தெர்தா? 'அப்பா, எந்தலையில காக்கா எச்சம் காஞ்சு கெடக்குது, கழுவச் சொல்லி நானே மனு குடுத்துட்டு, கைய நீட்டிகினு நிக்கறேன்'னுச்சு!"

"அந்தக் கை அதுக்குத்தானா?" என்றார் சம்பந்தம்.

"பின்ன? வழி காட்டுதுன்னா நெனச்சே? மனம் எளகிப் போய் பீடத்த வுட்டு எறங்கி, ஜோடி பக்கத்துல நின்னு சிரிச்சுச்சு. படம் பிரமாதமா வந்துச்சு. ஆனா திரும்பி மேல ஏறணும்னா, அதுக்குத் தனி அனுமதியாம். பாவம், அதுவும் போய் வரிசையில நின்னுருச்சு."

இதைச் சொல்லும்போது எத்திராஜுவின் கண் சாலைக்கு அந்தப்பக்கம் போய் வந்தது. தோட்ட வேலைக்காரர்களின் பச்சைக் கோட்டு போட்ட இரண்டு பேர் சருகு வண்டியைத் தள்ளிக்கொண்டு பூங்காவுக்குள் போனார்கள். பின்னாலேயே கூடை தூக்கிக்கொண்டு ஒரு பொம்பளை. பச்சைக் கோட்டை யார் ஏறெடுத்துப் பார்க்கிறார்கள்? அவனும் பார்க்கவில்லை. கிளியம்மாவின் குரலைக் கொஞ்ச நேரமாகக் காணோம் என்று மட்டும் தோன்றியது. கதையில் சொக்கிப் போயிருப்பாள் என்று நினைத்து, அவனுக்கு இன்னும் சூடு ஏறியது.

"எந்த வரிசையில நிக்குது சிலை? நான் பாக்கலியே" என்றான் தனபால்.

"நீ எப்புடிப் பாப்பே? அது நிக்கறது செங்கல்பட்டுக்கு அந்தாண்ட! வரிசை அவ்ளோ நீட்டு. பாதி வழியில நிக்கறவனுக்கு இது எந்த ஆபீஸ் வரிசைன்னே தெரியாது. அப்பா நின்னாரு, நானும் நிக்கறேம்பான். வரிசையிலயே பொண்ணு பாத்து, வரிசையிலயே பாக்கு மாத்திகினாங்க. அங்க பொறந்த கொழந்தைக்கு சொந்த ஊரு எதுன்னு கேட்டா, 'வரிசை'ன்னு சொல்லும். வார்டு நம்பர் குடுத்தாங்க. எலக்ஷன் வந்துச்சு. வரிசைக்குன்னு ஒரு கவுன்சிலரு! அவரு ஜெயிச்ச மறுநாளே வரிசைய வுட்டுப் போயிட்டாரு, அது வேற கதை."

"அத மட்டும் நம்பறேன்" என்றார் சம்பந்தம்.

"முழுசா கேளு மாஸ்டரு. வரிசை வளந்துச்சு. மலை தாண்டிச்சு, கடல் தாண்டிச்சு. நான் முட்டிக்குக் கீழ நிறுத்திவெச்ச கடலாச்சே, நடந்தே போயிட்டாங்க. உலகத்த ஒரு சுத்து சுத்தி, அதே ஆபீஸோட பின்வாசல்ல வந்து முட்டிச்சு! கடைசியா வந்து நின்னானே ஒருத்தன், சென்ட்டு அடிச்சுகினு, அவன் கதவத் தள்ளிகினு உள்ள போயி, மொத ஆளாச் சீட்ட வாங்கிகினு போயிட்டான். முன்வாசல்ல மொத ஆளா நின்னவன் இன்னும் நிக்கறான்டா! அவன் யாருன்னு தெர்தா? நாந்தான்!"

பெஞ்சில் கை ஓங்கி அடித்ததில் டீ கிளாஸ் எகிறி விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"கதை முடிஞ்சுதா அண்ணே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "எங்க கல்யாணம் முடிஞ்சுது."

மரகதம். பட்டுச்சேலைமேல் பச்சைக் கோட்டு. கோட்டுக்கு வெளியே புது மஞ்சள் கயிறு. பக்கத்தில் கஜேந்திரன், கோட்டுப் பித்தான் மாறிப் போட்டபடி. சருகு வண்டியில் சருகுக்கடியிலிருந்து மாலை எட்டிப் பார்த்தது. கிளியம்மா கூடையை இறக்கி வைத்து மூச்சு வாங்கினாள். கடைச் சுவரில் மணி இன்னும் பத்தரை ஆகவில்லை.

"அய்யோ! என் வேல!" தனபால் எழுந்தான்.

"தோட்டக்காரி உள்ள போறதுக்குச் சீட்டு எதுக்கு? நான் தெனம் போற வாசல்தானே" என்றாள் மரகதம்.

"மாப்ள தோட்டக்காரன் இல்லியே!"

"அப்போ நீ எங்க இருந்தே?" கிளியம்மா கூடையிலிருந்து ஒரு லட்டை எடுத்துத் தனபால் வாயில் திணித்தாள். "ஸ்டூல வுட்டு வந்தேன்னு நீயே போய்ச் சொல்லப் போறியா? முழுங்கு."

எத்திராஜு காலரைத் தூக்கி விட்டுக்கொண்டான். "எல்லாம் நான் போட்ட பிளானு. வாட்ச்மேன இங்க இழுத்து ஒக்கார வெச்சது இன்னாத்துக்குன்னு நெனச்சீங்க?"

"பிளானா?" என்றாள் கிளியம்மா. "நீ வாய மூட மாட்டேன்னு எனக்குத் தெரியும். அத நம்பித்தான் போனோம்."

சம்பந்தம் சிரித்த சிரிப்பில் பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. எத்திராஜுவுக்குக் காது சிவந்தது. பதிலுக்கு ஏதாவது பெரியதாக எடுத்து விட வாயைத் திறந்தான். அதற்குள் மரகதம் கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டே சொன்னாள்:

"போட்டோ மட்டும் இல்லண்ணே. கேமராவப் பாத்தா உள்ளயே புடிச்சிருப்பாங்க. பூ கொட்டிக் கெடந்துச்சு. எங்கூட அந்த மரமும் நிக்கற மாதிரி ஒண்ணே ஒண்ணு கெடச்சிருந்தா..."

அவள் முடிப்பதற்குள் எத்திராஜு நடுச்சாலைக்குப் போய் நின்றான். பின்னால் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான், அவன் நகரவில்லை. மாடி ஜன்னலைப் பார்த்தான். ஃபேன் சுற்றிக்கொண்டேதான் இருந்தது.

"யோவ்! மேல கீறவரே! நான் சொன்னதுல எத வேணா பொய்யின்னு தள்ளிக்கோ. இந்தப் பொண்ணு நிக்கறது பொய்யில்ல. நீ வெட்டச் சொன்ன மரம் பூத்து நிக்கறதும் பொய்யில்ல. அது நெழலுல காரு வெச்சவன் படம் புடிச்சுட்டுப் போயிட்டான், தண்ணி ஊத்தினவ ரோட்டுல நிக்கறா. மீட்டிங்க முடி. துண்டு எடுக்கவாவது வருவே இல்ல, அப்போ அந்தப் பேனாவையும் எடு. வெயில் மரத்த வுட்டு நகர்றதுக்குள்ள எறங்கி வந்து கையெழுத்தப் போடுய்யா!"