மிளகப்பன் அனுப்பிய மூன்று ஓலைகள்

முன்னே ஒரு காலத்தில், வெள்ளைக்காரக் கப்பல்கள் வந்து போகிற கடற்கரை ராஜ்யத்தை ராஜா சேந்தன் ஆண்டுவந்தார். திடீரென்று அவருக்கு ஓர் ஆசை பிடித்துக்கொண்டது. ஏழு வயது மகள் பூங்கோதை இங்கிலீஷ் படித்தே ஆகவேண்டும்!

பண்டிதர் கனகசபேசர் ராஜாவின் முன்னிலையிலேயே பாடம் நடத்த வந்தார். 'டோர்' என்றால் என்ன என்று குழந்தை கேட்டாள்.

"அகத்தையும் புறத்தையும் பகுக்கும் தாருமயக் கபாடம்" என்றார்.

குழந்தை ஓவென்று அழுதுவிட்டாள். அரண்மனை விகடகவி மிளகப்பனோ வாய்விட்டுச் சிரித்துவிட்டான். "கதவு என்று சொல்லித் தொலைத்தால் என்ன, சுவாமி?"

பண்டிதருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அரசே! நாளை உச்சிப்பொழுதுக்குள் இவன் மூன்றே சொற்களைக் கற்பிக்கட்டும். லேட், ஹங்கிரி, ஆங்ரி. பொருளை வாயால் சொல்லக் கூடாது, எழுதவும் கூடாது. தோற்றால் நாட்டைவிட்டே போகட்டும்!"

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

மிளகப்பன் மூன்று சொற்களையும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். கதவென்றால் தொட்டுக் காட்டலாம். பசியை எந்தத் தட்டில் வைத்துக் காட்டுவது? யோசித்தபடி மடைப்பள்ளிப் பக்கம் நடந்தவன் சட்டென்று துள்ளிக் குதித்தான். அடடா, காட்டுவானேன்? வரவழைத்துவிட்டால் போச்சு! சமையற்காரரிடமும் காவலனிடமும் காதோடு காதாக ஏதோ சொன்னான்.

மறுநாள் விடிந்ததும் சபை கூடியது. மிளகப்பனைக் காணோம். எல்லோரும் வாசலையே பார்த்துச் சலித்தபோது காவலன் குழந்தையிடம் ஓலை ஒன்றை நீட்டினான். எழுத்துக்கூட்டிப் படித்தாள்: 'லேட்'.

காலைப் பலகாரத்துக்குக் குழந்தை முன் வெள்ளித்தட்டு வந்தது. அதில் இட்லியும் இல்லை, சட்னியும் இல்லை. 'ஹங்கிரி' என்ற ஓலைதான் இருந்தது. சபையில் வேறு யாருக்கும் அன்று பலகாரம் வரவில்லை.

வெயில் ஏறியது. "எங்கே அந்தத் தடிப்பயல்? இழுத்து வாருங்கள்!" என்று ராஜா கத்தினார். காவலன் மூன்றாவது ஓலையைக் குழந்தையிடம் கொடுத்தான்: 'ஆங்ரி'.

தூணுக்குப் பின்னால் ஒளிந்திருந்த மிளகப்பன் வெயிலை எட்டிப் பார்த்தான். உச்சிமணி அடிக்கப்போகிறது. இனிமேல் தாங்காது என்று ஓடிவந்து சபை நடுவே நின்றான்.

பூங்கோதை துள்ளி எழுந்தாள். "அப்பா, தெரிஞ்சுபோச்சு! இவர் லேட்! நான் ஹங்கிரி! நீங்க ஆங்ரி!"

ராஜாவின் மீசை துடித்தது. அப்புறம் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு! கண்ணில் நீர் வரச் சிரித்தார். பண்டிதர் தலை கவிழ்ந்துவிட்டது.

"பலே! இனி என் மகளுக்கு நீயே ஆசான். கேள் மிளகப்பா, பொற்கிழி வேண்டுமா, பட்டாடை வேண்டுமா?"

மிளகப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அன்று முதன்முறையாக வாயைத் திறந்தான்.

"ஹங்கிரி!"

"ஹங்கிரி!" என்றது மொத்தச் சபையும். பண்டிதர் குரல்தான் எல்லாவற்றையும்விட உரக்கக் கேட்டது.