கல்லைக் கழற்றிய நீர்நாய்

மலையடியில் ஒரு நீர்நாய் இருந்தது. நீச்சலில் அதை மிஞ்ச ஆளில்லை. அந்தத் திமிரில்தான் அது ஒரு காட்டையே தவிக்கவிட்டது. இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் வயிறு எரிகிறது!

கோடையில் அங்கே ஏரி வற்றிவிடும். மலைமேல் ஒரே ஓர் ஊற்று மிஞ்சும். மேல்காடும் கீழ்க்காடும் அதற்காக அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு பந்தயம் வைத்திருந்தன. பனிக்காலம் முடிந்ததும் ஒவ்வொரு காட்டிலிருந்தும் ஒருவர் ஏரியை நீந்திக் கடக்க வேண்டும். பிறகு சைக்கிளில் பாதி மலை ஏறி, மீதியை ஓடிக் கடக்க வேண்டும். ஜெயித்த காட்டுக்கு ஊற்று. தோற்ற காடு மூன்று நாள் நடந்து ஆற்றுக்குப் போக வேண்டும்.

கீழ்க்காடு நீர்நாயைத் தேர்ந்தெடுத்தது. பயிற்சி கொடுக்க ஒரு கீரி வந்தது.

"பனியிலே பாதை வழுக்குது. வெளியே மிதிச்சா முட்டி பேந்துடும். குகைக்குள்ளே மிதி!" என்றது கீரி.

சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டது. தூக்கி நின்ற பின்சக்கரத்தின் மேல் ஒரு கயிற்றைப் போட்டது. ஒரு நுனியைச் சைக்கிளில் கட்டி, மறு நுனியில் கருங்கல்லைத் தொங்கவிட்டது. கயிறு சக்கரத்தை இறுக்கிப் பிடித்தது.

"இந்தக் கல்லுதான் உனக்கு மலை. தினமும் நூறு சுத்து போதும்!"

முதல் நாளே நீர்நாய்க்கு நாக்குத் தள்ளியது. குகைக்குள் காற்றே இல்லை. மறுநாள் கீரி அந்தப் பக்கம் போனதும் கல்லைக் கழற்றி ஓரமாக வைத்தது. சக்கரம் விர்ரென்று சுற்றியது!

"இன்னிக்கு ஆயிரம் சுத்து!" என்று குகை வாசலில் நின்று கத்தியது. கீரி திரும்புவதற்குள் கல்லை மறுபடி மாட்டி வைத்தது.

குளிருக்கு ஒடுங்கிக் கிடந்த விலங்குகள் எல்லாம் கைதட்டின. குரங்கு பாறையில் கோடு போட்டுக் கணக்கு வைத்தது. அடுத்த நாள் இரண்டாயிரம். ஒரு விலங்காவது உள்ளே எட்டிப் பார்த்ததா? இல்லை! பெரிய எண்ணைக் கேட்டதும் எல்லாவற்றுக்கும் தலைகால் புரியவில்லை.

ஒரு நாள் கீரி கயிற்றைத் தொட்டுப் பார்த்தது. அது புதுக்கயிறாகவே இருந்தது.

"இத்தனை நாள் மிதிச்சும் கயிறு தேயலையே! கல்லைக் கழட்டிட்டியா?"

"கல்லு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? காலு சுத்துதில்ல?"

"அப்போ மலை உனக்காகப் படுத்துக்குமாடா?" கீரிக்கு மயிர் சிலிர்த்து நின்றது.

அது வெளியே ஓடி எல்லோரிடமும் சொன்னது.

"உனக்குப் பொறாமை!" என்று சீறியது குரங்கு. "நூறுக்கு மேல எண்ணத் தெரியாத உன் பயிற்சியே வேண்டாம், போ!"

எல்லாமாகச் சேர்ந்து கீரியை விரட்டின.

பந்தய நாள் வந்தது. மேல்காட்டின் சார்பில் ஒரு காட்டுப்பன்றி இறங்கியது. அது பாதி ஏரியைத் தாண்டுவதற்குள் நீர்நாய் கரையேறிவிட்டது. கீழ்க்காடே கூச்சல் போட்டது!

நீர்நாய் சைக்கிளில் ஏறியது. முதல் மேடு வந்தது. பத்து மிதி மிதித்தது. தொடை வெடவெடவென்று நடுங்கியது. அடுத்த மிதிக்குப் பெடல் கீழே இறங்கவில்லை. சைக்கிளோடு சாய்ந்தது. பன்றி மூச்சிரைக்க மிதித்து அதைக் கடந்து போனது.

"பாதை ரொம்பச் செங்குத்து! சைக்கிளும் சரியில்லே!" என்றது நீர்நாய்.

"வாயை மூடு!" என்று கத்தியது ஒரு புள்ளிமான். "என் குட்டி பொறந்து எட்டு நாள்தான் ஆகுது. கோடை வர்றதுக்குள்ள மூணு நாள் வெயில்ல நடக்குற அளவுக்கு வளருமா அது? நீயே சொல்லு!"

குரங்கு ஒரு கல்லை எடுத்து நீர்நாயின் மேல் எறியப் போனது.

"நிறுத்து!" கூட்டத்தைப் பிளந்துகொண்டு கீரி வந்தது. "அவன் பொய் சொன்னான். கோடு போட்டது யாரு? கைதட்டினது யாரு? என்னை விரட்டினது யாரு?"

குரங்கு கையிலிருந்த கல்லைக் கீழே போட்டது.

கோடை வந்தது. ஏரி வற்றியது. கீழ்க்காடு ஆற்றை நோக்கி நடந்தது. இரண்டாம் நாள் உச்சிவெயிலில் மான்குட்டி விழுந்தது. அது எழவே இல்லை. கூட வந்த நீர்நாய் அதன் பக்கத்தில் நிற்கவும் முடியாமல், போகவும் முடியாமல் தவித்தது.

யாரும் பார்க்காத இடத்தில் பயிற்சியில் ஏமாற்றுகிறவன், தன்னை நம்பியவர்களைத்தான் ஏமாற்றுகிறான்.