மூன்று சிவப்பு அக்கார்டியன்கள்

போங்கோ வாசிக்கிறவன் சொல்கிற கதையில் தாளம் தப்பாது. கேட்கிறவர் காது வேறெங்காவது போனால் அதற்கு நான் பொறுப்பல்ல. கடைசியில் ஒரு கேள்வி கேட்பேன். அப்போது திருதிருவென்று முழிக்கக் கூடாது, இப்போதே சொல்லிவிட்டேன்.

நாகர்கோவிலில் எங்கள் மெல்லிசைக் குழு கொடிகட்டிப் பறந்த காலம். கல்யாண வீடு, கோயில் கொடை, மாதா கோவில் திருவிழா, எங்கும் நாங்கள்தான். ஜெபமணி அண்ணன் சிவப்பு அக்கார்டியனைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடை முன்னால் வந்து நின்றாரென்றால், முன்வரிசைப் பிள்ளைகள் வாயில் போட்ட முறுக்கைக் கடிக்க மறந்துவிடும். என்ன நாட்கள் அவை! இப்போது நினைத்தாலும் விரல் துறுதுறுக்கிறது.

ஒருமுறை தக்கலையில் கச்சேரி தொடங்கப்போகும் நேரம் பார்த்து அக்கார்டியனின் துருத்தி கிழிந்துவிட்டது. இழுத்தால் பாட்டு வரவில்லை, புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. பாட வந்திருந்த லீலாபாய் முன்னால் வந்தார். கட்டியிருந்த பச்சைப் பட்டுச் சேலையின் கரையில் ஒரு துண்டைக் கிழித்தார், பசையைத் தடவினார், துருத்தியின் மடிப்புக்குள் ஒட்டிவிட்டார். கச்சேரி நடந்தது. அடுத்த தை மாதம் அவர்கள் கல்யாணமும் நடந்தது. அன்றிலிருந்து எனக்கு அவர் லீலா மைனி. துருத்தியை முழுக்க விரித்தால் மட்டுமே அந்த ஒட்டு கண்ணில் படும்.

மகள் பிளெஸ்ஸி பிறந்தாள். அப்பா வாசித்தால்தான் தூங்குவாள். "ஒன் கல்யாணத்துக்கும் இதுலதான் வாசிப்பேன் மக்களே" என்று அண்ணன் தொட்டில் பிள்ளைக்கு வாக்குக் கொடுத்தார். பிறகு கீபோர்டு வந்தது, குழு கலைந்தது. அவளைக் கல்லூரியில் சேர்க்க வேறு வழியில்லாமல் அந்த அக்கார்டியனையே வெளியூர்க்காரர் ஒருவருக்கு விற்றார். இப்போது பிளெஸ்ஸிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. "வேற எதுல வாசிச்சாலும் நான் குடுத்த வாக்கு பொய்தாம்லே" என்று ஒற்றைக்காலில் நின்றார் அண்ணன்.

அங்கேதான் மனிதர் சொதப்பினார். மேடையில் நின்றே பழகியவர் அல்லவா, எதையும் ஊரறியச் சொன்னால்தான் அவருக்குச் சொன்ன மாதிரி இருக்கும். பழைய வாத்தியங்கள் வாங்கி விற்கும் இணையக் குழுவில் அத்தனை அடையாளத்தையும் எழுதிவிட்டார்: சிவப்பு நிறம், முனை உடைந்த ஒரு வெள்ளைக் கட்டை, பின்பக்கம் ஆணியால் கீறிய 'ஜெ'. சேலைக் கரையை மட்டும் எழுதவில்லை. அதை எழுத வெட்கமாம்!

கொஞ்ச நாளில் ஏலம் விடும் தளம் ஒன்றில் மூன்று சிவப்பு அக்கார்டியன்கள் ஏலத்துக்கு வந்து நின்றன. மூன்றிலும் உடைந்த கட்டை, மூன்றிலும் 'ஜெ'. மூன்று படத்திலும் துருத்தி மூடி, வார் போட்டிருந்தது. அண்ணன் கையில் இருந்த பணமோ ஒன்றுக்குத்தான் காணும். தப்பானதை வாங்கினால் பணமும் போச்சு, வாக்கும் போச்சு.

லீலா மைனி போனை வாங்கி மூன்று பேருக்கும் ஒரே கேள்வியை அனுப்பினார்: "துருத்தி மடிப்பில் என்னுடைய மஞ்சள் சேலைக் கரை ஒட்டியிருக்குமே, பத்திரமாக இருக்கிறதா?"

முதல் ஆள் உடனே பதில் போட்டார். "இருக்கிறது மேடம், மஞ்சள் மங்கவே இல்லை. தளத்தில் பணம் கட்டினால் கமிஷன் பிடிப்பார்கள். என் எண்ணுக்கே அனுப்புங்கள். சாயங்காலத்துக்குள் முடித்தால் நல்லது, இன்னொருவர் கேட்கிறார்."

இரண்டாம் ஆள் விவரமாக எழுதியிருந்தார். "மஞ்சள் துணி இருந்தது. நைந்துபோனதால் துருத்தியையே புதிதாக மாற்றிவிட்டோம். இனி உங்களுக்குச் செலவே வராது."

மூன்றாம் ஆள் சாவகாசமாகச் சொன்னார். "மஞ்சள் துணி எதுவும் இல்லை அம்மா. இது உங்களுடையது இல்லையோ என்னவோ. பார்க்காமல் வாங்க வேண்டாம். கேட்டால் துருத்தியை விரித்துப் படம் அனுப்புகிறேன். பணத்தைத் தளத்திலேயே கட்டுங்கள். பொருள் வந்து, சரியென்று நீங்கள் சொன்ன பிறகு எனக்கு வந்தால் போதும்."

"மூணாமத்தவனே இல்லைன்னுட்டான், அவனை விடு. முதல் ஆளுக்குப் பணத்தைப் போடுலே சுயம்பு!" என்று என்னைப் பார்த்துத் துள்ளினார் அண்ணன்.

"அவசரப்படாதீங்க அண்ணே. ரெண்டாமத்தது புதுத் துருத்தி, கல்யாணத்தன்னைக்கு மானம் காக்கும்" என்றேன் நான்.

மைனி எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டு பேரும் சும்மா இரிங்க. மூணாமத்த ஆளுகிட்டதான் பேசணும்" என்றார்.

கேட்டீர்களா? இப்போது சொல்லுங்கள். எங்கள் மூவரில் யார் சொன்னது சரி? ஏன்?

விடை: மைனி சொன்னதுதான். தக்கலையில் கிழிந்தது பச்சைச் சேலை. மைனி வேண்டுமென்றே மஞ்சள் என்று எழுதினார். இல்லாத மஞ்சளை இருந்தது என்ற இருவரும் அப்போதே மாட்டிக்கொண்டார்கள். அண்ணனும் நானும் அந்தச் சேலையின் நிறத்தையே மறந்திருந்தோம், அதற்கு வாங்கிய திட்டு தனிக்கதை. மூன்றாமவர் இல்லை என்றதற்காகவும் மைனி நம்பிவிடவில்லை. விரித்த படம் கேட்டார், மடிப்புக்குள் வெளுத்துப்போன பச்சைக் கரை தெரிந்தது. அதன் பிறகுதான் ஏலம் கேட்டோம், பணத்தையும் தளத்திலேயே கட்டினோம். கல்யாண மேடையில் அண்ணன் வாசிக்க, பாதிப் பாட்டில் பழைய பசை விட்டுப் புஸ்ஸென்றது. பிளெஸ்ஸியின் கை தன் சேலைக் கரைக்குப் போனது. "எடி, கல்யாணச் சேலையில கை வைக்காத!" என்று மைனி அலற, மண்டபமே சிரித்தது. பிளெஸ்ஸி எழுந்து வந்து அந்தக் கிழிசலை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். துருத்தி விரிந்தபோது கூடவே நகர்ந்தாள், மடிந்தபோது கூடவே திரும்பினாள். அண்ணன் அழுதுகொண்டே பாட்டை முடித்தார்.