எட்டு லட்சம் டிராக்டர்

அப்பா காலத்து டிராக்டரை எட்டு லட்சம் செலவழித்துப் புதுப்பித்தார் மில் முதலாளி ஏகாம்பரம். விற்கப் போனால் ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை. உடனே அவருக்குத் தங்கைப் பாசம் பொங்கிவிட்டது. அவள் பங்கான ஒரு ஏக்கருக்குப் பதிலாக டிராக்டரைக் கொடுக்கிறாராம்!

பாகம் பிரிக்கும் அன்று, டிராக்டரைப் பழுதுபார்த்த மெக்கானிக் செம்மலையைப் பெரியவர்கள் முன் நிறுத்தும் முன், அவன் காதோடு மிரட்டினார்.

"ஏக்கரும் எட்டு லட்சம், வண்டியும் எட்டு லட்சம்னு சொல்லுடா. இல்லேன்னா என் இடத்துல உன் பட்டறை இருக்காது."

"முதலாளி சொன்னாச் சரிதானுங்க, ரெண்டும் ஒரே விலை" என்றான் செம்மலை. "அப்பறம் எதுக்குங்க அப்பா ஓட்டுன வண்டியை வெளிய அனுப்பறீங்க? அதை நீங்களே வெச்சுக்கிட்டு, ஏக்கரை அம்மிணிக்குக் கொடுத்துருங்க."

பெரியவர்கள் அப்படியே எழுதிவிட்டார்கள். சொல்லச் சொன்னதைத்தானே சொன்னான், பட்டறையைக் காலி செய்யவும் வழியில்லை.

டிராக்டர் மில் வாசலில் பளபளவென்று நிற்கிறது. என்ன விலை என்று மட்டும் முதலாளியிடம் கேட்டுவிடாதீர்கள்.